டாக்டர் ஆக ஆசைப்படாதவளுக்கு

தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். எதிரே கடைவீட்டு மாடியில் டியூஷன் வகுப்பு. பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்: “நான் வளர்ந்ததும் மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பேன்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷமாகியும் கட்டுரை மாறவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

நமக்கும் அதே மாதிரிக் கட்டுரைதானே. தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். வகுப்பு மொத்தமும் டாக்டராக ஆசைப்பட்டது. வேறு வேலையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுத நமக்கு வார்த்தை ஏது? எல்லாருடையதும் ஒரே கட்டுரை; உன் கையெழுத்து அழகாக இருந்ததால் உன்னுடையதைத் தேர்ந்தெடுத்து, காலைக் கூட்டத்தில் உன்னையே வாசிக்க வைத்தார்கள். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த உன் அப்பா அங்கே ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டார். அன்றோடு நீ டாக்டர்.

ஆனால் பள்ளி விட்டதும் மாடிப் பேருந்தின் மேல்தள முன்னிருக்கையைப் பிடிக்க நீ ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, வளைவுக்கு வளைவு திருப்புவாய். நிறுத்தம் வந்தால், “உள்ள போங்க, உள்ள போங்க” என்று கீழே ஏறுகிறவர்களை அங்கிருந்தே அதட்டுவாய். பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு மானம் போகும்.

பிறகு அலுவலக வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று எல்லாரையும் போலத்தான் இருந்தாய். பிள்ளைகள் வளர்ந்ததும் பேருந்து ஓட்டப் போனாய். டாக்டராக வேண்டியவள் என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். நீ மறுக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். “அப்பா இருக்கிற வரைக்கும் அவரு சொல்றதே இருக்கட்டும் லா” என்றாய். அவர் இருக்கிறார். நீதான் முந்திக்கொண்டாய்.

உன் அடுக்குமாடிப் புளோக்குக் கீழே உன்னைக் கிடத்தியிருந்த அன்று, வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதையேதான் சொன்னார். பிள்ளைகளுக்காகப் படிப்பை விட்டுவிட்டாள் என்று புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். உன் மகள் என்னை மின்தூக்கிப் பக்கம் அழைத்துப் போனாள்.

“எங்களாலதான் அம்மா டாக்டராகலையா, ஆன்ட்டி?”

“உங்கம்மா டாக்டராக ஆசைப்பட்டதே இல்லம்மா. சின்ன வயசுலேர்ந்தே பஸ் ஓட்டத்தான் ஆசைப்பட்டா. தாத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

அன்று முழுக்க அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீங்க என்ன ஆகணும்னு ஆசைப்பட்டீங்க?” என்று கேட்டாள்.

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. ராபிள்ஸ் பிளேஸில் ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறேன். குறையொன்றும் இல்லை. வேலைக்கு வருகிறவர்களிடம் அதே கேள்வியைத்தான் தினமும் கேட்கிறேன். எனக்குத்தான் பதில் இல்லை.

நீ போனதில் எனக்குத் துக்கம் உண்டு. ஆனால் உன்னை நினைத்தால் முதலில் வருவது பொறாமைதான். அது இன்னும் குறையவில்லை.