மூன்றாவது சேனல்

யூரோப்பா (வியாழன் கோளின் துணைக்கோள்), தென் பனித்தள நிலையம்
பதிவு செய்பவர்: ரெக்ஸலின் மேரி, தொடர்புப் பொறியாளர்

செவ்வாய், 07:30

நிலையம் சீராக உள்ளது. ஆக்சிஜன், அழுத்தம், வெப்பம் வரம்புக்குள். பூமித் தொடர்பு சரி. அவசர டிரான்ஸ்மிட்டர் சோதிக்கப்பட்டது, சரி. பனியைத் துளையிடும் இசக்கியப்பன் பனி ஊர்தியில் கிழக்குப் பிளவுக்குக் கிளம்பினார். சனிக்கிழமை திரும்புவார். அதுவரை நிலையத்தில் நான் மட்டும். நேற்று இறங்கிய சரக்குக் கலத்தில் என் சொந்தப் பொருட்களுக்கான எடைப் பங்கில் ஒரு பெட்டி வந்துள்ளது.

செவ்வாய், 11:00

அம்மாடி, என்ன அழகு!

இதை எப்பவாவது எடுத்து வாசிக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம். வந்திருக்கிறது கித்தார் ஆம்ப்ளிஃபையர். அதுவும் வால்வு வெச்சது, பழைய ரேடியோவுக்குள்ள மினுங்குமே அந்தக் கண்ணாடிக் குழல். வேற வகை இங்கே எடுபடாது. வியாழன் கொட்டுற கதிர்வீச்சுல டிரான்சிஸ்டர், சிப்பு எல்லாம் ஈயப் பெட்டிக்குள்ள வெச்சாத்தான் பிழைக்கும். கண்ணாடி வால்வுக்கு அந்தக் கவலை இல்லை. எங்க அவசர டிரான்ஸ்மிட்டரும் அதனாலதான் வால்வு. கோயம்புத்தூர்ல ஒருத்தர் எனக்காகவே கையால செஞ்ச பெட்டி இது. மூணு விதச் சத்தத்துக்கு மூணு சேனல். முன்பக்கம் அவரே பெயின்ட்டால எழுதியிருக்கார்: சுத்தம், கரகரப்பு, அலறல்.

பின்பக்கத்தைத் திறந்தேன். பெரிய வால்வு ரெண்டும் பயணத்துல கீறி, உள்ளே வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. காத்து புகுந்தாச்சு. இனி அது ரெண்டும் வெறும் கண்ணாடிதான்.

செவ்வாய், 14:40

அவசர டிரான்ஸ்மிட்டர்லயும் அதே வால்வுதான். அதே ரகம், அதே ஜோடி. நான் வந்த நாள்லேருந்து அதை ஒரு தடவைகூட நிஜமா பயன்படுத்தினதில்லை. மாத்து வால்வு அடுத்த கலத்துல வரும்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது?

கழட்டிட்டேன்.

காலையில "சோதிக்கப்பட்டது, சரி"ன்னு எழுதினேனே, அதுவும் பொய். பெட்டியைப் பார்க்கிற அவசரத்துல சோதிக்கவே இல்லை.

புதன், 10:15

முதல் அபிப்பிராயம் எழுதாம இருக்க முடியலை.

சுத்தம்: தொட்டா தொட்ட இடத்துல நிக்குது. கம்பியில நகம் பட்டாக்கூடத் தனியாக் கேக்குது. நான் தப்பா அடிச்சது ஒண்ணுவிடாம வெளியே வந்துச்சு, அது வேற கதை. கரகரப்பு: மெல்ல அடிச்சா பேசுது, அழுத்தி அடிச்சா சண்டைக்கு வருது. சர்ச் கொயர்ல வாசிச்ச காலத்துல இந்தச் சேனல் இருந்திருந்தா ஃபாதர் என்னை வெளியே அனுப்பியிருப்பார். உள்ளே எதிரொலிக்கு ஒரு ஸ்பிரிங் இருக்கு. இங்கே ஈர்ப்பு கம்மி, அதனால அது தொங்காம மிதக்குது. நான் அறையில நடந்தாலே சொய்ங்ங்னு முனகுது.

அலறல்தான் கொஞ்சம் ஏமாத்தம். சன்னமா இருக்கு, உடம்பு இல்லை.

இசக்கி அண்ணாச்சி கொஞ்ச முன்னாடி கூப்பிட்டார். ஆறுமுகநேரிக்காரர். உப்பளத்துல டிராக்டர் ஓட்டிப் பழகின கை, வெள்ளை வெளியைப் பார்த்துப் பயப்படாத ஆள். பதிவிலிருந்து:

"தாயி, உன் பெட்டி வந்துட்டா? நான் இல்லாதப்பமே அடிச்சுத் தீத்துரு. வந்தப்புறம் அந்தப் பூனைச் சத்தம் கேட்டுச்சு, பிளவுக்கே திரும்பிப் போயிருவேன் பாத்துக்க. அவசர செட்டைச் சோதிச்சியாளா?"

"சோதிச்சாச்சு அண்ணாச்சி."

கூசாம சொன்னேன்.

வியாழன், 12:00

கித்தார்க்காரங்க எல்லாரும் பண்ற ஒரு திருட்டுத்தனம் இருக்கு. வால்வுக்குள்ள ஓடுற மின்சாரத்தை அளவுக்கு மேல ஏத்தி வெச்சா சத்தம் கொழுத்து வரும். வால்வோட ஆயுசு சீக்கிரம் போயிடும், ஆனா அன்னைக்கு நாம ராஜா.

ஏத்தினேன். அடடா, அலறல் சேனல் எழுந்து நின்னுச்சு பாருங்க! ஒரு கம்பியை அடிச்சு விட்டா இழுத்துக்கிட்டே நிக்குது, அடங்கவே மாட்டேங்குது. நேத்து மதியத்துலேருந்து ராத்திரி வரைக்கும், இன்னைக்குக் காலை பூரா வாசிச்சேன். வால்வுக்குள்ள தகடு செக்கச்செவேல்னு பழுத்துக் கிடந்துச்சு. அப்படிப் பழுக்கக் கூடாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இன்னும் ஒரு பாட்டுன்னு உக்காந்திருந்தேன்.

வெள்ளி, 09:50

கதிர்வீச்சு திடீர்னு எகிறிடுச்சு. இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லை. ஈயப் பெட்டிக்குள்ள இருந்த முதன்மை ரேடியோ செத்துப்போச்சு. பூமித் தொடர்பு இல்லை. ரிசீவர் மட்டும் வால்வு, அது ஓடுது. அண்ணாச்சி குரல்:

"தாயி, வண்டியோட திசைகாட்டி படுத்துட்டு. வந்த தடத்துல புதுசா வெடிப்பு விழுந்து கெடக்கு, சுத்தித்தான் வரணும். எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே வெள்ளையா இருக்கு. நீ அவசர செட்டுல பீப் போட்டுக்கிட்டே இரு. அதைப் பிடிச்சு வந்துருதேன். பேட்டரி நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

வால்வைப் பிடுங்கி டிரான்ஸ்மிட்டர்ல சொருகினேன். கை சுட்டுச்சு.

வெள்ளி, 10:40

சக்தி மீட்டர் முள் பத்துல ஒரு பங்குகூட ஏறலை. வால்வு ரெண்டும் சக்கையாயிடுச்சு. நான்தான் சக்கையாக்கினேன். பீப் போய்க்கிட்டுதான் இருக்கு. அவர் இருக்கிற தூரத்துக்கு எட்டுமான்னா, எட்டாது.

வெள்ளி, 13:30

"தாயி, ஒண்ணும் விழலை. என் ரிசீவர்தான் மக்கர் பண்ணுதுன்னு நெனைக்கேன். நீ ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டு இருப்ப. பதட்டப்படாத. நான் இப்பிடியே நின்னு பாக்கேன்."

நான் ஒழுங்காத்தான் போடுவேனாம். ஐயோ, அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். எதிரே யாரும் இல்லை, ஆனாலும் தலையை நிமிர்த்த முடியலை.

வெள்ளி, 17:10

"ரிசீவரைப் பிரிச்சு மாட்டிட்டேன், நல்லாத்தான் இருக்கு. ஹீட்டரை அணைச்சுட்டேன், பேட்டரி மிச்சமாகட்டும். கால் வெரலு மரத்துட்டு. காலையில பேசுதேன்."

எட்டாதுன்னு தெரிஞ்சே மைக்கைப் பிடிச்சுச் சொன்னேன். "அண்ணாச்சி, வால்வை நான் எடுத்தேன். கித்தார் பெட்டிக்கு எடுத்தேன். பழுக்கப் பழுக்க எரிச்சேன். சோதிச்சேன்னு சொன்னது பொய். என்னை மன்னிச்சிருங்க." நாலஞ்சு தடவை சொன்னேன். கேக்க மாட்டார்ங்கிற தைரியத்துல சொன்னதுதான். எவ்வளவு கேவலம்.

சனி, 06:30

தூங்கலை. ஒண்ணு தோணுச்சு. அண்ணாச்சி வண்டியில பனியோட சத்தம் கேக்கிற கம்பி ரெண்டு இருக்கு. முன்னாடி பனி விரியுதான்னு தெரிஞ்சுக்க, வண்டிக்கு ரெண்டு பக்கமும் தரையில குத்தி ஹெட்போன்ல கேப்பார். எந்தப் பக்கம் சத்தம் முதல்ல வருதுன்னு பிரிச்சுச் சொல்லவும் தெரியும்.

ரேடியோதான் எட்டலை. பனிக்குள்ள சத்தம் எட்டுமே?

ஸ்பீக்கர் காகிதத்தை அறுத்தெறிஞ்சு, உள்ளே அதிர்ற நடுச்சுருளை நிலையத்தோட நங்கூரத் தூண்ல போல்ட் போட்டு இறுக்கியிருக்கேன். தூண் தரையைத் துளைச்சுப் பனிக்குள்ள ஆழமாப் போகுது. சக்கை வால்வை டிரான்ஸ்மிட்டர்லேருந்து பிடுங்கி மறுபடியும் ஆம்ப்ளிஃபையர்ல போட்டாச்சு. இனி பீப்பும் கிடையாது. இது பலிக்கலைன்னா அவர் சாவுக்கு நான்தான் காரணம். இதுல மழுப்ப ஒண்ணும் இல்லை.

சனி, 07:45

சுத்தம் சேனல்ல சத்தம் அடி விழுந்த வேகத்துலயே செத்துடுது. அலறல்ல போட்டேன். வால்வு சோர்ந்திருந்தாலும் அது இழுத்துப் பிடிக்குது. கித்தாரோட தடிச்ச கம்பி மட்டும். நாலு அடி, ஒரு நிறுத்தம். பனி தானா வெடிச்சா இப்படிக் கணக்கா வராது. தூண் நடுங்குது, காபி டம்ளர் மேசையில நகருது.

சனி, 09:20

"தாயி. ஐஸுக்குள்ள என்னமோ கேக்கு. நாலு நாலா வருது. நீயா? நீதான்னா ஆறு அடி."

ஆறு அடிச்சேன்.

"அட மூதேவி! நீயேதான்! இடது கம்பியில முதல்ல விழுது. வண்டியைத் திருப்புதேன். நிறுத்திராத, கேட்டியா?"

ஓன்னு அழுதுட்டேன். அழுதுக்கிட்டே அடிச்சேன்.

சனி, 12:30

அவர் கொஞ்ச தூரம் ஓட்டி, நின்னு, கம்பி குத்தி, கேட்டு, மறுபடி ஓட்டுறார். என் விரல் கிழிஞ்சு கித்தார்க் கம்பியெல்லாம் ரத்தம். எதாவது துணி சுத்தணும். வால்வுல ஒண்ணு அணைஞ்சே போச்சு. ஒத்தை வால்வுல பாதிச் சத்தம். போதும்கிறார்.

என்னால அடியாலதான் பதில் சொல்ல முடியும், ஆனாலும் எல்லாம் கேக்கிறார். என்ன சாப்பிட்டேன்னு கூடக் கேட்டார். அவசர செட்டு என்னாச்சுன்னு மட்டும் கேக்க மாட்டேங்கிறார். கேக்காமலே விட்டுட்டா? கதிர்வீச்சுப் புயல்ல போச்சுன்னு சொன்னா யாருக்குத் தெரியும்? வால்வுதானே, கருகினது எதுல கருகினதுன்னு அதுல எழுதியா இருக்கு? பூமிக்கு என்ன சொல்லணும்னு வாக்கியம் வாக்கியமா யோசிச்சு வெச்சுட்டேன். ஒரு பக்கம் உயிரோட வரணுமேன்னு வேண்டிக்கிட்டு, இன்னொரு பக்கம் இந்த வேலை. தூ.

சனி, 15:50

ரெண்டாவது வால்வும் போச்சு. பரவாயில்லை, ஜன்னல்ல வண்டி விளக்கு தெரியுது. கர்த்தரே.

சனி, 16:20

"தாயி, வாசல்ல நிக்கேன். இடது காலை ஊன முடியலை, வெரலு போன மாதிரிதான். நீதான் தாங்கிப் பிடிக்கணும். அதுக்கு முன்ன ஒண்ணு. நேத்து சாயங்காலம் இரைச்சல் கொஞ்சம் அடங்கினப்பம் உன் குரல் விழுந்துச்சு. அரைகுறையா. வால்வுன்ன, கித்தார்ன்ன, பொய்யின்ன. எந்தத் திசைன்னுதான் பிடிக்க முடியலை. காலையில நீ அடிக்க ஆரம்பிச்சப்பமே அதைப் பத்தி உன்கிட்ட கேட்டிருப்பேன். கேட்டா நீ அடிக்கதை நிறுத்திருவ. அதான் வாயைப் பொத்திக்கிட்டு வந்தேன். இப்பம் வந்துட்டேன்லா. மிச்சத்தை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும், ஒண்ணு விடாம. கதவைத் தொற."

சனி, 16:24

கதவு விளக்கு எரியுது. தட்டுறார். யோசிச்சு வெச்ச வாக்கியம் ஒண்ணுகூட இப்ப வாயில வரலை. எந்திரிச்சேன், மறுபடி உக்காந்துட்டேன்.

மறுபடி தட்டுறார். அங்கே காலை ஊன முடியாம ஒரு மனுஷன் நிக்கிறார், நான் இங்கே உக்காந்து எழுதிக்கிட்டு

வரேன் அண்ணாச்சி. இதோ வரேன். மூஞ்சியை எங்கே வெச்சுக்கிட்டு