வோத்ரன் சொன்ன வேடிக்கை

அக்டோபர் 8
பேத்தி சோலேன் மறுபடியும் கேட்டாள். நவம்பர் 11, புனித மார்த்தீன் நாளோடு மார்செல் எடுத்த குத்தகை முடிகிறது. அவனுக்கு இடுப்பு போய்விட்டது, இனி என் திராட்சைக் கொடிகளைப் பார்க்கமாட்டான். "அந்த எட்டு வரிசையை எனக்குக் குடு பாட்டி, நானே ஒயின் போடறேன்."

போடுவாள்! வெளிநாட்டுக்காரர்களை வேனில் ஏற்றிக் கோட்டை கோட்டையாகக் காட்டுவது அவள் பிழைப்பு. வாயால் கொடி வளருமா? மாட்டேன் என்றேன்.

பக்கத்து வயல்காரன் பெர்னான் வோத்ரனும் குத்தகை கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறான். அவன் கைக்குப் போவதற்கு முன் வேரோடு பிடுங்கி எரிப்பேன்.

அக்டோபர் 10
"ஒரு நாள் என்கூட வேன்ல வா. என் வேலையைப் பாத்துட்டு அப்புறம் வாயாடின்னு சொல்லு" என்கிறாள். போகிறேன். பார்த்துவிட்டு இன்னும் உரக்கச் சொல்வேன்.

அக்டோபர் 12, சனி
கால் வலிக்கிறது. கோபம் அதைவிட.

எட்டுப் பேர், அமெரிக்கா, கனடா. வூழோ கோட்டையில் துறவிகள் திராட்சை பிழிந்த பழைய மரச்செக்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அந்தத் துறவிகள் எங்கள் ஆட்களைப் பிழிந்ததை யாரும் கேட்கவில்லை. நகரத்துத் தர்ம ஆஸ்பத்திரியின் கலர் ஓட்டுக் கூரையைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்கள். என் மாமியார் அங்கேதான் செத்தாள். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொமார் ஒயின் நிலவறையில் கோப்பைக்குள் மூக்கை விட்டு மோந்தார்கள், கொப்பளித்தார்கள், வாளியில் துப்பினார்கள். பல் தேய்க்கவா வந்தார்கள்? ஒருவனுக்கு ஈரக் கல் வாசனை வருகிறதாம். கல்லை நக்கியிருக்கிறானா? இத்தனைக்கும் சோலேன் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறாள்.

சாயங்காலம் வேன் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியது.

"எங்கடி போற?"

"கடைசி இடம் பாட்டி. நீ இறங்க வேணாம்." முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நின்றது வோத்ரனின் வயல் முனையில். என் வரிசைகளுக்கு ஒட்டின வயல். புதுத் தொப்பி போட்டு அவனே காத்திருந்தான். வேனின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நான் இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஜன்னல் இரண்டு விரல் திறந்திருந்தது.

"இதே இடத்துலதான்," என்று ஆரம்பித்தான். "எழுபத்தெட்டு அறுவடையில ஒரு பொம்பள நைட்டியோட ஓடி வந்தா. கையில கத்தரி! கோழி மாதிரி கொக்கரிக்கிறா. எதுக்கு? அவ கொடி ரெண்டுல பழத்த மாத்தி வெட்டிட்டோமாம்! அதுலேருந்து இந்த வயலுக்கே 'கத்தற பொம்பள'ன்னுதான் பேரு."

இரண்டு கொடியா? இரண்டு வரிசை! முழுசாக! என் புருஷன் ரெனே கால் ஒடிந்து படுத்திருந்த வாரம். எங்கள் பக்கம் வேலி கிடையாது, வரிசை மாறிப் பழம் வெட்டுவது எல்லாருக்கும் நடக்கும். நடந்தால் அன்று மாலையே வெட்டியவன் கூடைகளை முதுகில் சுமந்து வந்து கொடிக்காரன் வாசலில் இறக்குவான். ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் வழக்கம். நான் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பழமெல்லாம் அவன் தொட்டிக்குள் போயிருந்தது.

கதையை முடித்துவிட்டுச் சோலேனைப் பார்த்தான், நீ ஆங்கிலத்தில் சொல் என்பதுபோல. பழகின பார்வை. அப்போதுதான் உறைத்தது. என் பேத்தி இந்தக் கதையை வாராவாரம் சொல்கிறாள்.

பேசினாள். அவன் சொன்னதைவிட நீளமாக. எனக்கு ஆங்கிலம் தெரியாது. 'ரெனே' என்று காதில் விழுந்தது. 'ஓடில்' என்று என் பேரும். யாரும் சிரிக்கவில்லை. எட்டுத் தலையும் வேன் பக்கம் திரும்பின. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"என்ன சொன்ன இவங்ககிட்ட? ஏன் ஒருத்தரும் சிரிக்கல?" என்றான் வோத்ரன்.

கதவைத் தள்ளி இறங்கினேன்.

"ஓடில்... நீயா?"

"நான்தான். பயப்படாத, இன்னைக்கு உடுத்திட்டு வந்திருக்கேன்."

அக்டோபர் 13
அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "மூணு கோடையா அவர் சொன்னபடியேதான் சொன்னேன் பாட்டி. எல்லாரும் சிரிப்பாங்க. நேத்து நீ உள்ள உக்காந்திருந்த, என்னால முடியல. நடந்ததை நடந்தபடி சொல்லிட்டேன்."

மூன்று கோடை! சொந்த ரத்தம்! வெளியே போ என்றேன்.

அக்டோபர் 15
பேசவில்லை.

அக்டோபர் 16
பேசவில்லை. சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உப்பே இல்லை. குடித்தேன்.

அக்டோபர் 19
வோத்ரன் வேன் முதலாளியிடம் புகார் செய்திருக்கிறான். வோத்ரனிடம் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்றாராம் முதலாளி.

"நீ என்ன சொன்ன?"

"வரலைன்னு சொன்னேன்."

முட்டாள். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நிற்கிறாள். யாரிடமிருந்து வந்த திமிர் இது? தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 8
நோட்டரியிடம் போனோம். எட்டு வரிசையும் சோலேனுக்கு. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மன்னிக்கவில்லை. அங்கேயே, நோட்டரி காதில் விழும்படி, சொல்லியும் விட்டேன்.

டிசம்பர் 3
முதல் கவாத்து. நல்ல பனி. இவள் வெட்டுகிற லட்சணத்துக்கு என் தலைமுடியைக்கூட இவளிடம் கொடுக்கமாட்டேன். பக்கத்து வரிசையில் வோத்ரன் நிமிர்ந்தான்.

"ஓடில், மொட்டு ரொம்ப விடறா. கொடி களைச்சுப் போயிடும்."

"எங்க கொடி. நாங்க தப்பாத்தான் வெட்டுவோம். நீ உன் பக்கம் பாரு."

முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் தொப்பி சரிவுக்கு அந்தப் பக்கம் மறையும்வரை பொறுத்திருந்தேன். பிறகு சோலேனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"ரெண்டு மொட்டு போதும்டி. மிச்சத்தை வெட்டு."