செல்ஃப் எடுக்காத லாரி

டிசம்பர் 9, காலை 7.20

வெளியே மைனஸ் 19. காற்று வடமேற்கிலிருந்து. வானம் முழுக்க மேகம். தொலைநோக்கி நிற்கிறது.

எழுதுபவன் நிஜாம். லடாக் மேட்டில் இருக்கும் வானொலித் தொலைநோக்கி நிலையத்தின் இளநிலை ஆய்வாளன். பனிக்காலப் பொறுப்பில் நாங்கள் இருவர் மட்டும். சூரியப் புயல் அடித்ததிலிருந்து சிப் உள்ள எதுவும் உயிரோடு இல்லை. அதனால் காகிதம். கண்டெடுப்பவர் யார், எப்போது என்று தெரியாது. யாராக இருந்தாலும் இது உங்களுக்கு.

மற்றவர் செண்பகவல்லி அக்கா. மூத்த பொறியாளர், கோவில்பட்டிக்காரர். புயலுக்கு முந்தைய நாள், கணவாய்க்குக் கீழே இருக்கும், ரிசீவர் கருவிகள் வைத்த ஏற்பிக் குடிலுக்குப் போனார். பனியில் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. குடில் ஓர் இரும்புப் பெட்டி. சிப் இல்லாத பழைய வயர்லெஸ்ஸில்தான் பேசிக்கொள்கிறோம்; அதற்கு அங்கே பேட்டரி தாராளமாக இருக்கிறது. அடுப்புக்கு மண்ணெண்ணெய் கொஞ்சம்தான். ஐந்து நாளைக்கு வரும் என்கிறார். கூட்டிச் சொல்கிறார்.

ஓடக்கூடிய வண்டி ஒன்றுதான். தொலைநோக்கித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து வந்த பழைய லாரி. இறங்குவதற்குள் பாதை மூடியதால் இங்கேயே நின்றுவிட்டது. டிரைவர் சென்னியப்பன் விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார். லாரியில் கணினி கிடையாது. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் எஞ்சினுக்கு மின்சாரமே வேண்டாம். தொடங்க மட்டும் வேண்டும்.

சாவியைத் திருப்பினேன். ஒரு ‘டக்’. அவ்வளவுதான். வயர்லெஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன்.

«செல்ஃப் எடுக்கலியா? கெஞ்சிப் பாத்தியாலே?»

«கெஞ்சினேன்க்கா.»

«அப்ப திட்டு. மரியாதை குடுத்தா அது தலைல ஏறிக்கிடும்.»


டிசம்பர் 9, பகல் 1.40

பேட்டரி முனைகளில் பச்சைப் பூஞ்சைபோல் உப்பு. வெந்நீர் ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினேன். செல்ஃப் மோட்டாரைச் சுத்தியலால் இரண்டு தட்டு.

இம்முறை ஒரு முனகல். தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல. பிறகு மறுபடியும் ‘டக்’.

நடந்து வரட்டுமா என்று கேட்டேன்.

«வந்து என்னைய இடுப்புல தூக்கிட்டுப் போயிருவியாக்கும். ரெண்டு பொணம் எதுக்குலே. ஒண்ணே பெரிய செலவு.»

சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றது.


டிசம்பர் 10, காலை 8.05

மைனஸ் 23.

சாவியைத் திருப்பும்போது முகப்பு விளக்கு மங்குகிறது. எர்த் வயர் சேசிஸோடு சேரும் இடத்தில் துரு. இடிதாங்கியின் செப்புப் பட்டையை வெட்டி அதற்குப் பதிலாகப் போட்டேன். இப்போது எஞ்சின் அரைச் சுற்று சுற்றுகிறது. அரைச் சுற்றில் டீசல் பற்றாது.

தள்ளிவிட ஆள் இல்லை. சரிவும் இல்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். எர்த் வயர், உப்பு, முனகல். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேச்சு நின்றால் வலி தெரிகிறதாம். அதனால் நிறுத்தாமல் பேசுகிறேன். நேற்று மாலை முழுவதும் பேசினேன். எங்கள் தெரு, கல்லூரி விடுதியின் சாம்பார், நான் முடிக்காத ஆய்வேடு.

எனக்கும் அது தேவைப்பட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும்.


டிசம்பர் 10, பகல் 12.30

கண்டுபிடித்துவிட்டேன்.

லாரிக்கு இரண்டு பேட்டரிகள். பன்னிரண்டும் பன்னிரண்டும் சேர்ந்து இருபத்து நான்கு வோல்ட். இதுவரை இரண்டையும் சேர்த்தே அளந்துகொண்டிருந்தேன். இன்று தனித்தனியாக முள் மீட்டரை வைத்தேன். ஒன்று 12.7. மற்றது 10.9.

இரண்டாவதிலிருந்து மட்டும் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று கிளம்பி, கேபினுக்குள் ஏறுகிறது. சாமி படத்தைச் சுற்றிய சீரியல் லைட்டுக்கும் டேப்புக்கும் சென்னியப்பன் இழுத்தது. அவை பன்னிரண்டு வோல்ட் சாமான்கள். இருபத்து நான்கைக் கொடுத்தால் கருகும். அதனால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுப்பார்கள். அவர்கள் ஊரில் முக்கால்வாசி லாரியில் இப்படித்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். வண்டி தினமும் ஓடும்வரை அது பெரிய தொந்தரவு தராது.

அந்த வயரின் முனையில் இப்போது டேப் இல்லை. வயர்லெஸ் இருக்கிறது. நிலையத்தின் லித்தியம் பேட்டரிகள் புயலில் சிப் செத்துப் பூட்டிக்கொண்டதும் நான்தான் அதை அங்கே இணைத்தேன். பன்னிரண்டு வோல்ட் தயாராகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

அக்காவுக்குத் துணையாக நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் லாரியிலிருந்து எடுத்தது.


டிசம்பர் 10, பகல் 1.15

சொன்னேன். அக்கா கேட்டது ஒன்றுதான்.

«வழி இருக்கா?»

«கூரையில இருக்கிற ஒரு சோலார் பலகையிலிருந்து நேரா வயர் இழுத்து அந்த பேட்டரிய ஏத்தலாம்க்கா. வெயில் அடிச்சா ரெண்டு நாள். ஆனா நான் பேசக் கூடாது.»

«நான் பேசுதத நீ கேக்கலாமா?»

«கேக்குறதுக்குச் செலவு கொஞ்சம்தான்.»

«அப்ப நீ வாய மூடு. நான் பேசுதேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட இருவது வருசம் அப்படித்தான் பேசுனேன்.»

நான் கடைசியாகச் சொன்னது ‘சரிக்கா’. இன்னும் நல்லதாக எதையாவது சொல்லியிருக்கலாம்.


டிசம்பர் 11, காலை 11.00

மேகம் விலகுகிறது, மூடுகிறது. அந்தப் பேட்டரி 11.4.

அக்கா பேசுகிறார். தீப்பெட்டி ஆபீஸ் சங்கு, கடலை மிட்டாய் வாசனை, பொறியியல் படிக்க அனுப்ப மறுத்த சித்தப்பா. காய்ச்சல் இருக்கிறது என்று நடுவில் சொன்னார், வானிலை சொல்வதுபோல.

கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இத்தனை வேலை என்று தெரியாது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போகிறது. அதைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டேன். பொத்தானை அல்ல. விரலை.


டிசம்பர் 12, காலை 10.20

11.9. நல்ல வெயில். நாளைக்குள் போதுமான அளவு ஏறிவிடும்.

அக்காவின் பேச்சில் ஒரு மாற்றம்.

«அப்படியா சொன்னாரு உங்க வாத்தியாரு. நீ என்ன பதில் சொன்ன?»

இடைவெளி. பிறகு சிரிப்பு.

«நல்லாச் சொன்னலே.»

நான் எதுவும் சொல்லவில்லை.


டிசம்பர் 12, மாலை 4.35

12.1. வெயில் போய்விட்டது.

அரைமணி நேரமாக அக்கா நிஜாமோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவன் என்னைவிட நன்றாகப் பேசுகிறான் போலிருக்கிறது. நிறையச் சிரிக்க வைக்கிறான். எனக்கு அவன்மேல் பொறாமை. எழுதியதைப் படித்தால் பைத்தியம்போல் இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடவில்லை.

சற்று முன்:

«வந்துட்டியா. எப்படில நடந்தே வந்த. இரு, கதவத் திறக்கேன். தவழ்ந்துதான் வரணும், கொஞ்சம் பொறு.»

திறந்தால் குடிலின் சூடு மொத்தமும் ஒரு நிமிடத்தில் போய்விடும். அந்தக் காலோடு மறுபடியும் இழுத்துச் சாத்த அவரால் முடியாது.

பேசினால் லாரி. பேசாவிட்டால் அக்கா.

துணியை அவிழ்த்தேன்.

«அக்கா, நிஜாம் பேசறேன். நான் வரல. இன்னும் நிலையத்துலதான் இருக்கேன். கதவத் திறக்காதீங்க.»

«யாருய்யா நீரு? நிஜாமு இந்தா நிக்கான். உள்ள வந்துட்டான். கதவு திறந்தாத்தான கிடக்கு.»

காற்றின் ஓசை கேட்டது. ஏற்கனவே திறந்துவிட்டார். மீட்டரில் முள் இறங்கிக்கொண்டிருந்தது. நான்தான் நிஜாம் என்று வாதாட நேரமில்லை. அவரிடம் ஒரு நிஜாம் இருக்கிறான். இவன் தேவையில்லை.

«அம்மா, நான் ராணுவ முகாம்லருந்து பேசறேன். அந்தப் பையன் ரொம்பக் களைச்சுப் போயிருக்கான். குளிர் பட்டா செத்துருவான். உடனே கதவச் சாத்துங்க. தாழ்ப்பாளும் போடுங்க. வெளியிலருந்து யார் கூப்பிட்டாலும் திறக்காதீங்க.»

«ஐயையோ. பிள்ளை நடுங்குதாம்லா. இந்தா.»

முனகல். இரும்பு உரசும் சத்தம். இன்னொரு முனகல், நீளமாக. தாழ்ப்பாள் விழுந்தது.

«போட்டாச்சுய்யா. யாருக்கும் திறக்க மாட்டேன்.»

தனக்காகச் செய்திருக்க மாட்டார். அவனுக்காகச் செய்தார்.

11.6.


டிசம்பர் 13, காலை 6.50

இரண்டு பேட்டரிகளையும் கழற்றிப் போர்வைக்குள் வைத்துப் படுத்தேன். சூடானால் கொஞ்சம் மீளும். விடிந்ததும் எஞ்சினின் ஆயில் தொட்டிக்கு அடியில் டீசல் நனைத்த சாக்கை எரித்தேன். கரியில் உடம்பெல்லாம் கறுப்பு. இது பலிக்காவிட்டால் அடுத்த முயற்சிக்கு மின்சாரம் இல்லை.

பேட்டரிகளை மாட்டியாகிவிட்டது. சிவப்பு வயரைப் பிடுங்கிவிட்டேன்.

திருப்புகிறேன்.


டிசம்பர் 13, காலை 7.10

அரைச் சுற்று. ஒன்று. ஒன்றரை. நின்றுவிட்டது என்று நினைத்தேன். வெள்ளைப் புகை. ஓர் இருமல். பிறகு மொத்த லாரியும் உதறி எழுந்தது.

அழுதேன். குறிப்புக்காக எழுதுகிறேன்.

டைனமோ ஏற்றுகிறது. சிவப்பு வயரை மறுபடி இணைத்துவிட்டேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.


டிசம்பர் 13, காலை 10.40

கணவாய் முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டினேன். பதில் இல்லை. குடில் முன்னால் நிற்கிறேன். எஞ்சினை அணைக்கவில்லை, அணைக்க மாட்டேன். புகைபோக்கியில் புகை இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்திருக்கிறது.

கதவைத் தட்டினேன். கத்தினேன்.

உள்ளே நகரும் சத்தம். உயிரோடு இருக்கிறார்.

«அக்கா, நான் நிஜாம். லாரி கொண்டுவந்திருக்கேன். திறங்க.»

திறக்கவில்லை. கேபினுக்கு ஓடி வயர்லெஸ்ஸில், ராணுவ முகாமிலிருந்து பேசியது நான்தான் என்றேன். இப்போது திறக்கலாம் என்றேன். அழுதபடி சொன்னேன்.


10.55

இரும்புக் கதவு. கடப்பாரை வழுக்குகிறது. லாரிச் சங்கிலியைக் கைப்பிடியில் மாட்டி ரிவர்ஸில் இழுக்கப் போகிறேன். கதவு பெயர்ந்தால் மறுபடி மூட முடியாது. அவரைத் தூக்கிக் கேபினுக்குக் கொண்டுவரும்வரை அவர் தாங்க வேண்டும். கைப்பிடி மட்டும் பிய்ந்தால்

அக்காவின் வயர்லெஸ் திறந்தே இருக்கிறது. பொத்தான்மேல் விழுந்துகிடக்கிறார் போலிருக்கிறது. மூச்சு கேட்கிறது. ஒருவருடையதுதான்.

«சத்தம் காட்டாதலே நிஜாமு. உன் குரல்லயே கூப்பிடுதான் பாரு. நான் இருக்கேன்லா. கொஞ்ச நேரம் கூப்பிட்டுட்டுப் போயிருவான்.»

கியர் போட்டுவிட்டேன்.