மூன்று தங்க எழுத்துகள்

கண்டி
செவ்வாய்க்கிழமை

அன்பான அம்மாவுக்கு றேணுகா எழுதுவது. மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் மகள் டிலானி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

கடையில் அட்டை வெட்டும் மெஷினை இப்போது என்னிடமே விட்டிருக்கிறார்கள். பூ, பட்டாம்பூச்சி, பெயர் எழுத்து எல்லாம் வெட்டுகிறேன். விலை குறைவு என்பதால் தேயிலைத் தோட்டத்து ஆட்களும் வீட்டுச் சுவருக்கு வாங்கிப் போகிறார்கள்.

கலஹாவிலிருந்து அமலதாஸ் என்று ஒரு பெரியவர் சித்திரை மாதம் வந்தார். குவைத்திலிருந்து மகள் வருகிறாள் என்று, தங்க அட்டையில் ‘வருக’ வெட்டி வாங்கிப் போனார். நேற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"எழுத்துல பிழையாங்க?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு. மக மூனு தடவ தேதி சொன்னா, மூனு தடவயும் வரல. இப்ப போனும் எடுக்கிறதில்ல. செவுத்துல இதப் பாத்துப் பாத்து எஞ் சம்சாரம் சாப்பிட மாட்டேங்குது. வேற யாருக்காவது குடுங்க."

வாங்கி வைத்தேன். நீங்கள் இதை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

டிலானியின் பிறந்தநாளுக்குக் காகிதப் பூக்கள் வெட்டி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். ஈரமில்லாத சுவரில் ஒட்டுங்கள். அவளுடைய பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

பார்சலைக் கொடுத்தனுப்பும் நம் ஊர்ப் பசறை பஸ் புறப்படப் போகிறது, அவசரமாக முடிக்கிறேன். இந்த முறையும் லீவு கிடைக்கவில்லை. அம்மா எப்போது வருவாள் என்று டிலானி கேட்டால், தேதி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் றேணுகா