இருமல் இல்லாத பாட்டு

மகளுக்கு அப்பா எழுதுவது.

நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்த வீட்டில் அது புதிதல்ல.

நீ அனுப்பிய குறுந்தகடு வந்தது. உன் முதல் கேசட்டைச் சுத்தம் செய்து மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்களாம். கேட்டேன். பிறகு பழைய கேசட்டையும் போட்டுக் கேட்டேன். நீ சொந்தமாகக் கட்டிப் பாடியதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அப்புறம் வந்ததெல்லாம் பஞ்சு மிட்டாய்.

புதியதில் ஆற்றுப் பாட்டு பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் உன் அம்மாவைத்தான் காணோம்.

ஸ்டூடியோவுக்கு வழியில்லாமல் என் பட்டறையில்தானே பதிவு செய்தாய்? தெருச் சத்தம் விழக் கூடாதென்று, விற்பனைக்குத் தைத்து வைத்திருந்த மெத்தைகளையெல்லாம் சுவரோடு நிறுத்திக் கொடுத்தேன். கதவிடுக்கில் பஞ்சு அடைத்தேன். நீ பாடுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உன் அம்மா மூலையில் உட்கார்ந்தாள், வாயில் தலையணையை அழுத்திக்கொண்டு. ஒரே ஒரு முறைதான் அடக்க முடியாமல் இருமினாள். பாட்டு முடிந்ததும், "கொஞ்ச நேரம் உன்னால சும்மா இருக்க முடியாதா? வெளிய போம்மா" என்றாய். போனாள். மழையில் நின்றாள். அவள் போன பிறகு எத்தனை தடவை பாடியும் உனக்கு அந்தப் பாட்டு அமையவில்லை. வேறு வழியில்லாமல் இருமலோடேயே வெளியிட்டாய்.

அப்பாவின் பஞ்சுத் தூசிதான் அம்மாவைக் கொன்றது என்று பத்திரிகையில் சொல்லியிருக்கிறாய். பக்கத்துக் கடைக்காரன் உரக்கப் படித்துவிட்டு, "என்ன மாமா, பொண்ணு உங்களை நல்லாவே அடிச்சுத் துவைச்சிருக்கே" என்றான். நான் மெத்தை தைத்தேன். அந்தச் சோற்றில்தான் நீ வளர்ந்தாய். அதற்குமேல் எவனுக்கும் பதில் சொல்ல மாட்டேன். கொன்றது பஞ்சு என்றே இருக்கட்டும். மிச்சமிருந்த இருமலையும் அழித்தது நீ.

சுத்தம் செய்யும்போது கம்பெனியின் மூல நாடா பாழாகிவிட்டது, வீட்டுக் கேசட்டை அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். அதில் அவள் இருக்கிறாள். இன்னொரு தடவை அவளை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கு வரும்.

போன வாரம் வானொலியில் உன் கச்சேரி கேட்டேன். நடுவில் இருமினாய். கூட்டம் கைதட்டியதில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஆரம்பத்தில் அவளுக்கும் அப்படித்தான், காய்ந்த இருமலாக வந்தது. நாளைக்கே டாக்டரிடம் போ. இதைத் துடைத்துக் கொடுக்க உன் கம்பெனியில் ஆள் கிடையாது.

உன் தொண்டை நன்றாக இருக்கட்டும். இங்கே வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. வீட்டிலிருக்கும் பஞ்சையெல்லாம் வெளியேற்ற எனக்கு நாளாகும்.

அப்பா