வடக்கே இருந்த தலைமாடு

ஆவணி, வெள்ளி. கல்லடி.

மனைவிக்கு இழுப்பு. தலைமாடு உயர்ந்திருந்தால்தான் இரவில் அவளுக்கு மூச்சு வரும். அதனால் நாங்கள் படுத்தெழும்பும் இந்த வானை எங்கே நிறுத்தினாலும் முன்சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்துவேன். இன்று வாவிக்கரை மணலில் பலகை புதைந்துவிட்டது. இரண்டு தரம் வைக்கவேண்டி வந்தது. முடித்துவிட்டு உள்ளே வந்தால், படுத்திருந்தவள் எழும்பி இருக்கிறாள்.

“தலை வடக்க கிடக்கு. வானைத் திருப்புங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இழுக்கிற நெஞ்சுக்கு வடக்கென்ன, தெற்கென்ன? பேசாமப் படு.”

அவள் இரண்டு தலையணைகளையும் கால்மாட்டில் போட்டுப் படுத்தாள். அந்தப் பக்கம் பள்ளம். கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்கியது. இறங்கிப்போய் வானைத் திருப்பிப் பலகைகளை மீண்டும் வைத்தேன். வியர்வையோடு வந்து, “இனிச் சரியா?” என்று கத்தினேன்.

“எனக்கெண்டா எங்க தலைய வெச்சாலும் பரவாயில்ல,” என்றாள். “பக்கத்தில நீங்களும் வடக்க வெச்சுத்தானே படுப்பீங்க.”

இப்போது இழுப்பில்லாமல் தூங்குகிறாள். நான் எழும்பினால் வான் ஆடும். விளக்கு கைக்கு எட்டவில்லை. எரியட்டும்.