ஸ்டீயரிங் ஆயில் எங்கே போகிறது?

மார்ச் 3, திங்கள்

வண்டிக்கு அடியில் சிவப்பாக ஒரு வட்டம். பழைய கார்தான், ஆனால் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகிறது.

முதலில் ரத்தம் என்றே நினைத்தேன். பதினாறு வருடமாக லேபில் பிறர் ரத்தத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு எடுத்து, விரலில் தேய்த்து, முகர்ந்தும் பார்த்தேன். வழவழப்பு, லேசான கருகல் வாடை. பானட்டைத் திறந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைச் சுற்றி ஒரே ஈரம்.

மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போச்சு. என் மாமனார் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை, ஆனால் வண்டி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. இந்தக் கார் வாசலுக்கு வந்த அன்றே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “இது ஒரு மாசம் தாங்காதும்மா” என்று தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னவர்.

பதினேழாம் தேதி புது ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மொத்த லேபுக்கும் நான்தான் பொறுப்பு. முப்பத்தெட்டு கிலோமீட்டர். காலை ஏழுக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து இன்னொன்று மாறினாலும் ஒன்பதாகிவிடும். அன்று வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார்கள். வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. அவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

கேட் பக்கம் திருப்பும்போது ஸ்டீயரிங் முனகியது. மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் வந்தார். எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார்; அதனால் எனக்கு அவர் ‘பார்க்கலாம் அண்ணன்’. ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது. புதுசு மாட்டி, கிளாம்பை முடுக்கி, டப்பாவில் ஆயிலும் ஊற்றினார். இனி ஒழுகாதல்லவா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மார்ச் 8, சனி

ஒழுகுகிறது.

மார்ச் 10, திங்கள்

சரி. நமக்குத் தெரிந்த வழியில் போவோம். கேக் தட்டைக் கழுவித் துடைத்து இரவு வண்டிக்கு அடியில் வைத்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, தட்டில் விழுந்ததை சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தேன். பதினெட்டு மில்லி. அதே பதினெட்டு மில்லி புது ஆயிலை டப்பாவில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனேன். போனது எவ்வளவோ வைத்ததும் அவ்வளவே. இப்படியே பதினேழு வரை ஓட்டிவிடலாம். புட்டியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன். மாமா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

மார்ச் 11

இருபத்தாறு மில்லி. வைத்தது பதினெட்டு, வந்தது இருபத்தாறு. எங்கேயோ உதைக்கிறது.

மார்ச் 12

முப்பத்தொன்று! இந்த வண்டி ஆயிலைத் தானே சுரக்கிறதா, என்ன?

மார்ச் 13, வியாழன்

பார்க்கலாம் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லா இடமும் ஈரம். குழாய் இல்லையென்றால் ஸ்டீயரிங் பெட்டிதான், கழற்றி அனுப்பினால் பத்து நாள் ஆகும் என்றார். இன்று பார்த்து ‘பார்க்கலாம்’ என்று சொல்லித் தொலைக்கவில்லை.

பத்து நாள். இன்னும் இருப்பது நாலு நாள்.

சாப்பிடும்போது மாமா கேட்டார், பதினேழாம் தேதிக்கு வண்டி தயாரா என்று. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். “தாங்காதுன்னு சொன்னீங்கல்ல, தாங்கல. இப்ப சந்தோஷமா?” என்றேன். அவர் எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

என்ன பேச்சு இது. வயசானவரிடம். ஆனால் அவரும் ஏன் அதையே கேட்க வேண்டும்?

மார்ச் 14, வெள்ளி

கழற்றக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு முயற்சி. எங்கும் ஈரமாக இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? துடைத்தால் தெரியும். மாலை முழுக்கத் துணியும் சோப்புத் தண்ணீருமாக டப்பா, குழாய், பெட்டி எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, மேலே முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். ஆயில் எங்கே கிளம்புகிறதோ அங்கிருந்து சிவப்புக் கோடு விழும். நாளை காலை டப்பாவைத் தொடப்போவதில்லை.

மார்ச் 15, சனி

எழுத உட்கார்ந்தால் மறுபடியும் சிரிப்பு வருகிறது.

குளித்துவிட்டு வந்து பானட்டைத் திறந்தேன். பெட்டி மேல் பவுடர் அப்படியே இருக்கிறது. குழாயிலும் அப்படியே. ஆயில் டப்பாவின் மூடியில் மட்டும் பவுடர் கலைந்து, பெரிய கட்டை விரல் ஒன்றின் தடம். தெருவை ஒரு சுற்று ஓட்டி வந்து பார்த்தால் அந்த மூடியிலிருந்தே சிவப்பாக வழிகிறது.

உள்ளே வந்தேன். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் காம்பில் பவுடர். மூக்கு நுனியிலும் பவுடர்.

“மாமா, பவுடர் போட்டிருக்கீங்களா?”

“எனக்கெதுக்கும்மா இந்த வயசுல” என்றவர், தன் கையைப் பார்த்ததும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டார்.

பிறகு எழுந்து போய், தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். என்னுடைய அதே ஆயில், அதே கம்பெனி. அன்றைக்கு கேட் பக்கம் முனகியது ரேடியோவையும் மீறி அவருக்குக் கேட்டிருக்கிறது. ஆயில் குறைந்தால் இப்படித்தான் முனகும் என்று பஸ் டிரைவர்கள் சொன்னது அவருக்கு நினைவிருந்ததாம். அன்றிலிருந்து தினமும் நான் குளிக்கப் போனதும் வந்து, டப்பாவின் கழுத்து வரைக்கும் ஊற்றியிருக்கிறார். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் பானட்டை மூடிவிடுவாராம். நிறைய இருந்தால் நல்லதுதானே, தூரம் போகிற வண்டி என்று நினைத்தாராம்.

அதாவது, அவர் வழிய வழிய ஊற்றுவார். வண்டி ஓடிச் சூடானதும் ஆயில் பொங்கி மூடி வழியாகக் கொட்டும். கொட்டியதை நான் ராத்திரியெல்லாம் தட்டில் பிடித்து, அளந்து, அதே அளவு புது ஆயிலை ஏற்றுவேன். மறுபடி அவர். மூடிக்கு அடியில் குறி போட்ட குச்சி ஒன்று தொங்குகிறது. இரண்டு பேரில் ஒருவர்கூட அந்தக் குறியைப் பார்க்கவில்லை. நான் சிரிஞ்சு கதையைச் சொன்னதும் அவருக்குப் புரையேறிவிட்டது.

“ஒரு மாசம் தாங்காதுன்னு சொன்னதும் நீங்கதானே மாமா?”

“இப்பவும் அதைத்தான் சொல்றேன். வண்டி கெடக்குதும்மா. பதினேழாம் தேதி நீ போயாகணும்ல.”

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த என் புட்டியையும் எடுத்து வந்து அவருடையதன் பக்கத்தில் வைத்தேன். முந்தாநாள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமா என்றேன். எப்போது பேசினாய் என்று கேட்டார், நினைவே இல்லாதவர் மாதிரி.

பார்க்கலாம் அண்ணனுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். “நான் கீழேயே பார்த்தேன், மேலே பார்க்கவே இல்லையேம்மா” என்றார். அதிகமாக இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு, குறி வரைக்கும் மட்டும் வைத்து ஓட்டச் சொன்னார். நூற்று நாற்பது மில்லி உறிஞ்சினேன். மாமா டார்ச் பிடித்தார்.

மார்ச் 16, ஞாயிறு

எழுபத்தாறு கிலோமீட்டர் போய் வந்தோம், நானும் மாமாவும். ஒரு சொட்டு இல்லை.

மார்ச் 17, திங்கள்

ஆறு ஐம்பதுக்கு லேப் வாசலில் நின்றேன்.

ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம். மாமாவின் பெயரையும் நம்பரையும் எழுதி, உறவு: மாமனார் என்று போட்டேன். கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் நம்பர் போடலாமே என்றார்.

அவர் வெளியூரில் வேலை பார்க்கிறார், கூப்பிட்டால் வந்து சேர எட்டு மணி நேரம் ஆகும் என்றேன். “இவர்னா, நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாருங்க.”